லோட்ஸ்டார்: 38 ஆண்டு கழித்து வந்த ஷெர்லி காலின்ஸ் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகி ஷெர்லி காலின்ஸ் 2016இல் வெளியிட்ட 'லோட்ஸ்டார்' ஆல்பத்தை முதன்முறை கேட்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகள் இவை. பாட்டுகளைப் பற்றி மட்டுமல்லாமல், நின்றுபோன குரல், வயதான குரல், வீட்டிலேயே பதிவு செய்வது ஆகியவற்றைப் பற்றியும் பலர் கேட்பதால் அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

ஷெர்லி காலின்ஸ் யார்? முன்பு என்ன பாடியிருக்கிறார்?

1935 ஜூலை 5 அன்று தென் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். அந்த ஊர் இருக்கும் சஸெக்ஸ் மண்ணின் பாட்டுகள் வீட்டிலேயே காதில் விழுந்து வளர்ந்தவர். 1958இல் இரண்டே நாளில் 37 பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். அவரது முதல் இரண்டு ஆல்பங்கள் அந்தப் பதிவிலிருந்து வந்தவை. 1959இல் நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுடன் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போய், மாதக்கணக்கில் வீடு வீடாக, தேவாலயம் தேவாலயமாக, சிறைச்சாலை வரைக்கும் சென்று பாடல்களைப் பதிவு செய்வதில் பங்கெடுத்தார். மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல் என்ற ப்ளூஸ் கலைஞர் வெளியுலகுக்குத் தெரியவந்தது அந்தப் பயணத்தில்தான்.

1964இல் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாமுடன் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார். 1969இல் அக்கா டாலி காலின்ஸின் இசையமைப்பில் 'ஆந்தம்ஸ் இன் ஈடன்' வந்தது. 1971இல் 'நோ ரோசஸ்', 1978இல் 'ஃபார் ஆஸ் மெனி ஆஸ் வில்'. அதோடு ஆல்பங்கள் நின்றன. அடுத்தது 2016 நவம்பர் 4 அன்று டாமினோ நிறுவனம் வெளியிட்ட லோட்ஸ்டார். அப்போது அவருக்கு வயது 81.

டாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷெர்லியின் பழைய ஆல்பங்களில் கேட்கும் அந்தச் சின்னக் குழலிசைப் பெட்டியின் ஒலி டாலியின் கைவண்ணம். போர்ட்டேட்டிவ் ஆர்கன் என்பார்கள், கையில் தூக்கிப் போகக்கூடிய அளவிலான பழைய வகை ஆர்கன். டாலி 1995இல் இறந்துவிட்டார். திரும்பி வந்தபோது ஷெர்லிக்குக் குரல் மட்டும் குறையாக இருக்கவில்லை, கூடவே வாசிக்க அக்காவும் இல்லை.

பாடுவதை ஏன் நிறுத்தினார்?

அவராக நிறுத்தவில்லை, குரல்தான் நின்றுவிட்டது. 1970களின் கடைசியில் லண்டன் நேஷனல் தியேட்டரின் நாடகங்களில் பாடிக்கொண்டிருந்தபோது, கணவரும் சக இசைக்கலைஞருமான ஆஷ்லி ஹட்சிங்ஸுடனான மணவாழ்க்கை முறிந்தது. தினமும் அவரோடு அதே மேடையில் நிற்க வேண்டிய நிலை. சில இரவுகளில் குரல் எழும்பும், சில இரவுகளில் எழும்பவே எழும்பாது. இதை அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மருத்துவ மொழியில் இதற்குச் சொல்லப்பட்ட பெயர் டிஸ்ஃபோனியா.

டிஸ்ஃபோனியாவும் தொண்டை கட்டுவதும் ஒன்றா?

இல்லை. தொண்டை கட்டுவது பெரும்பாலும் சளி, வீக்கம், அதிகம் கத்தியது போன்றவற்றால் வரும், இரண்டு வாரத்துக்குள் சரியாகும். டிஸ்ஃபோனியா என்பது குரல் உருவாவதில் ஏற்படும் கோளாறுகள் அனைத்துக்குமான பொதுப்பெயர்.

குரல்நாண் இரண்டும் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டுப் பிரிந்து அதிர வேண்டும். பெண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 தடவை இப்படி நடக்கிறது. நாணில் காய்ப்பு ஏற்பட்டாலும், ஒரு பக்க நரம்பு செயலிழந்தாலும், வயிற்று அமிலம் மேலே வந்து புண்ணாக்கினாலும் அந்த ஒழுங்கு கெடும். நாணில் ஒரு குறையும் இல்லாமலேயே சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்வதும் உண்டு. மன அதிர்ச்சியைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. பரிசோதித்தால் நாண் சுத்தமாக இருக்கும், பாடப் போனால் பிடித்துக்கொள்ளும். 'எல்லாம் மனசுதான்' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். அது தவறு. தசை இறுகுவது உண்மையில் நடப்பது. 'இன்றைக்கும் வராதோ' என்ற பயம் அதை இன்னும் இறுக்கும், பயந்து பயந்து முயன்றால் அடுத்த நாள் நிலைமை இன்னும் மோசமாகும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பாகவே இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைக் கேமரா வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நாண் நன்றாக இருந்தால் அடுத்த வழி பேச்சு-குரல் பயிற்சியாளர். மாத்திரையால் தீராது.

அந்த 38 ஆண்டில் அவர் பாடவே இல்லையா?

இந்த எண்ணிக்கையில் அடிக்கடி குழப்பம் வருகிறது. 38 என்பது ஒரு முழு ஆல்பத்துக்கும் அடுத்த முழு ஆல்பத்துக்கும் இடையிலான காலம், 1978 முதல் 2016 வரை. குரல் முற்றாக அடங்கியிருந்த காலம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 1980இல் சிட்னி ஓபரா ஹவுஸில் பாடியிருக்கிறார், அதன் பதிவும் கிடைக்கிறது. 2006இல் கரன்ட் 93 என்ற இசைக்குழுவின் ஆல்பத்தில் ஒரு பழைய கிறிஸ்தவப் பாட்டைப் பாடினார். ஆனால் தன் பெயரில் ஒரு ஆல்பம், கூட்டத்தின் முன்னால் ஒரு மேடை என்று பார்த்தால் இடைவெளி உண்மையிலேயே மிக நீண்டதுதான்.

இடைக்காலத்தில் பிழைப்புக்கு என்ன செய்தார்?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தது உட்படப் பல வேலைகள் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். 2000களில் அமெரிக்கப் பயணத்தைப் பற்றிப் பாட்டுப் பதிவுகளோடு மேடைப் பேச்சு நிகழ்ச்சிகள் நடத்தினார், புத்தகமும் எழுதினார். 2008இல் ஆங்கில நாட்டுப்புற நடன–பாடல் சங்கத்தின் தலைவரானார். பாடாமலேயே பாட்டின் பக்கத்தில் இருந்தார் என்று சொல்லலாம்.

திரும்பப் பாட வைத்தது யார்?

கரன்ட் 93 குழுவின் டேவிட் திபெட். 1990களின் தொடக்கத்திலேயே ஷெர்லியைத் தேடிப் பிடித்து, பழைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். மேடையில் பாடும்படி ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார், ஷெர்லி மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 2014 பிப்ரவரி 8 அன்று லண்டன் இஸ்லிங்டனில் உள்ள யூனியன் சாப்பலில், கரன்ட் 93 நிகழ்ச்சிக்கு முன்னால் இரண்டே பாட்டுகள் பாடினார். கிட்டாரில் இயன் கியரி. ஒன்று அமெரிக்கத் தாலாட்டு, மற்றொன்று சாவும் ஒரு சீமாட்டியும் பேசிக்கொள்ளும் 'டெத் அண்ட் தி லேடி'.

அன்று பாடியது இரண்டே பாட்டு என்பதைக் கவனியுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களில் பலர் ஒன்றரை மணி நேரக் கச்சேரியை ஒப்புக்கொண்டு, நாலாவது பாட்டிலேயே குரல் சோர்ந்து, அதோடு மனமும் ஒடிந்து போவார்கள்.

ஆல்பத்தை ஸ்டுடியோவில் செய்யாமல் வீட்டில் ஏன் பதிவு செய்தார்?

பயம்தான் முதல் காரணம். ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்க, மணிக்கணக்கில் வாடகை ஓட, 'இப்போது பாடுங்கள்' என்று காதுக்குள் ஒரு குரல் வரும். தசை இறுகும் கோளாறு இருந்தவருக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை. அதனால் கிழக்கு சஸெக்ஸில் லூயிஸ் என்ற ஊரில் இருக்கும் அவருடைய சிறிய வீட்டுக்கே கருவிகள் போயின. பதிவு செய்தவர்கள் சைக்ளோப் என்ற மின்னணு இசைக்குழுவின் ஸ்டீபன் த்ரோவரும் ஓசியன் பிரௌனும். தயாரிப்பு இயன் கியரி. எல்லாரும் பழகியவர்கள்.

வீட்டில் பதிவு செய்ததன் அடையாளம் ஆல்பத்திலேயே இருக்கிறது. 'க்ரூயல் லிங்கன்' பாட்டின் பின்னால் பறவைகள் கத்துவது கேட்கும். உள்ளே ஒரு குழந்தையின் கொலை சொல்லப்படுகிறது, வெளியே பறவைகள் தம்பாட்டுக்குக் கத்துகின்றன. அதை நீக்காமல் விட்டதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நாமும் வீட்டில் குரலைப் பதிவு செய்ய வேண்டுமென்றால்?

அவர்கள் கையாண்ட மைக், மிக்ஸர் விவரங்களை இங்கே பட்டியலிடவில்லை. பொதுவாக வீட்டுப் பதிவில் எது கைகொடுக்கும், எது கெடுக்கும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

அறையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. புத்தக அலமாரி, துணி, மெத்தை, கனமான திரை இருக்கும் அறை நல்லது. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் இருந்தால் குரல் டப்பாவுக்குள் பாடியதுபோல வரும், பின்னால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பாடுபவருக்குப் பின்னால் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மைக்கின் முன்பக்கம் எதைப் பார்க்கிறதோ அதுதான் பதிவாகும் என்பதால், மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிட இதுவே அதிகம் பயன் தரும்.

கண்டென்சர் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை, அதாவது 20 முதல் 30 செ.மீ. தள்ளி, வாய்க்கு நேராக வைக்காமல் சற்று மேலே. மெல்லிய குரலாக இருக்கிறதே என்று நெருக்கி வைத்தால் அடித்தொனி பருத்து, மூச்சும் எச்சில் சத்தமும் முன்னுக்கு வரும். வயதான குரலுக்கு இது கூடவே கூடாது. பதிவு மென்பொருளில் 24 பிட் தரத்தைத் தேர்ந்து, அது காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் போதும். சத்தமாகப் பதிய வேண்டிய அவசியம் இல்லை.

ஃபிரிட்ஜ், மின்விசிறி, ஏசி மூன்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாமலிருக்கக் கார் சாவியை அதற்குள் வைப்பது பழைய தந்திரம். பாடுவதற்கு முன்னும் பின்னும் 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிந்து வையுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களில் அது தேவைப்படும். பறவைச் சத்தம் வந்தால் பாட்டு முழுக்க வரவேண்டும். ஒரு சரணத்தில் இருந்து அடுத்ததில் காணாமல் போனால் வெட்டியது அப்பட்டமாகத் தெரியும்.

கதைப்பாடலை முழுசாகப் பாடிப் பதியுங்கள். சரணம் சரணமாகப் பாடி ஒட்டினால் கதை சொல்லும் வேகம் ஒவ்வொரு ஒட்டிலும் அறுந்துபோகும். மூன்று தடவை முழுதாகப் பாடி அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது, முப்பது துண்டுகளை ஒட்டுவதைவிட மேல்.

பழைய குரல் திரும்பிவிட்டதா?

இல்லை. வயதான, தாழ்ந்த, கொஞ்சம் கரடான குரல் அது. 1960களின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேட்டால் ஒரு கணம் திடுக்கிடும். லோட்ஸ்டாரின் சிறப்பே பழைய குரலை மீட்க முயலாததில்தான் இருக்கிறது. இருக்கும் குரலுக்கு ஏற்றபடி மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்.

வயதாகும்போது குரல்நாணின் தசை மெலிந்து, இரண்டு நாணுக்கும் நடுவில் சிறு இடைவெளி விழும். அதன் வழியாகக் காற்று வீணாகப் போவதால் ஒரே மூச்சில் பாடும் நீளம் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் தாழும், மேல்ஸ்தாயி முதலில் போகும். நம்மூர்க் கணக்கில், ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் நாலு கட்டைக்கோ மூன்று கட்டைக்கோ இறங்க வேண்டியிருக்கும்.

இறங்கினால் வேறொரு சிக்கல் வரும். தாழ்ந்த குரலும் கிட்டாரின் தடித்த தந்திகளும் ஒரே இடத்தில் மோதி, வார்த்தை மங்கிவிடும். அதற்கு இரண்டு வழி. வாத்தியத்தைக் குரலுக்கு மேலே தூக்குவது ஒன்று, ஸ்லைடு கிட்டாரும் ஃபிடிலும் அதைச் செய்யும். இல்லையென்றால் அசையாத ஒரே சுருதியாக அடியில் படுக்கவிடுவது, நம் தம்பூராவைப் போல. லோட்ஸ்டாரில் இரண்டையும் கேட்கலாம். பாட்டு நெடுக அள்ளிப்போட்ட கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது) இல்லை.

ஆல்பத்தில் உள்ள பாட்டுகள் எங்கிருந்து வந்தவை?

பத்துத் தடங்கள். முதல் தடமே சுமார் 11 நிமிடம், நாலு துண்டுகளைக் கோத்தது. அதன் முதல் துண்டு 'அவேக் அவேக்'. 1580 ஏப்ரல் 6 அன்று லண்டனை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, இது கடவுளின் கோபம், மனம் திரும்புங்கள் என்று தாமஸ் டெலோனி எழுதிய பாட்டு. தெருவில் அச்சடித்து விற்ற அந்தப் பாட்டு முந்நூறு ஆண்டுக்கும் மேலாக மக்கள் வாயிலேயே கிடந்து, 1909இல் ஹெரிஃபர்ட்ஷயரில் ஒரு மூதாட்டி பாட, இசையமைப்பாளர் வாஹன் வில்லியம்ஸ் எழுதி எடுத்தார். நூறாண்டு கழித்து ஷெர்லி அதை எடுத்துப் பாடுகிறார். அடுத்த துண்டின் தலைப்பு 'பிளந்த ஆஷ் மரம்'. நோய்ப்பட்ட குழந்தையைப் பிளந்த ஆஷ் மரத்தின் நடுவே நுழைத்து எடுத்தால் குணமாகும் என்பது இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய வழக்கம். பிறகு மே மாதத்தை வரவேற்கும் பாட்டு. கடைசித் துண்டு 'சவுத்ஓவர்', லூயிஸ் ஊரின் ஒரு பகுதியின் பெயர். வெறும் வாத்தியம்.

'தி பேங்க்ஸ் ஆஃப் கிரீன் வில்லோ' கப்பலில் ஏறிய கர்ப்பிணிப் பெண்ணின் கதை. நடுக்கடலில் குழந்தை பிறக்கிறது, தாயையும் பிள்ளையையும் கடலில் போடுகிறார்கள். இந்தப் பாட்டின் மெட்டை வைத்து ஜார்ஜ் பட்டர்வொர்த் 1913இல் ஒரு இனிமையான ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதினார். மூன்று ஆண்டில் அவர் முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். அந்த ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பச்சைப் புல்வெளி இசையாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு, வார்த்தையோடு கேட்கும்போது பகீரென்றிருக்கும்.

'க்ரூயல் லிங்கன்' வேறு பெயர்களிலும் வழங்கும் கொலைப்பாட்டு. அதன் பல வடிவங்களில் கொலைகாரன் ஒரு கொத்தனார். பிரபு மாளிகை கட்டச் சொல்லி, கூலியைக் கொடுக்கவில்லை. பிரபு வெளியூர் போன நேரம் கொத்தனார் உள்ளே நுழைகிறான்.

'ப்ரிட்டி பாலி' 1959 பயணத்தில் அர்கன்சா மாநிலத்தில் ஒல்லி கில்பர்ட் என்ற பெண்ணிடம் கேட்டது. 'சுர் லு போர்ட் த லோ' அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் பாட்டு, பிளைண்ட் அங்கிள் காஸ்பார்ட் 1929இல் இசைத்தட்டில் பாடியது. 'வாஷ்ட் அஷோர்' கரையொதுங்கிய காதலனின் உடலைக் கண்டவளின் பாட்டு. 'தி ரிச் ஐரிஷ் லேடி' பணக்காரத் திமிரில் ஒருவனை மறுத்து, பிறகு நோயில் விழுந்து அவனையே கூப்பிடுகிறவள் கதை. அவன் இரங்குவதில்லை. 'ஓல்ட் ஜானி பக்கிள்' சிரிப்புப் பாட்டு, நடுவில் மூச்சுவிட. கடைசியில் 'தி சில்வர் ஸ்வான்'. ஓர்லாண்டோ கிப்பன்ஸ் 1612இல் அச்சிட்ட பல்குரல் பாட்டு. உயிரோடிருந்த காலமெல்லாம் பாடாத அன்னம் சாகும் தறுவாயில் முதலும் கடைசியுமாகப் பாடுவது. இதை ஏன் கடைசியில் வைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு கொலையும் சாவும்?

கதைப்பாடல் அப்படித்தான். நம் கதைப்பாடல்களிலும் வில்லுப்பாட்டிலும் கொலையுண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், இந்தக் கேள்வி எழாது.

உணர்ச்சியே இல்லாமல் பாடுகிறாரே, குரல் போனதால்தானா?

இல்லை. இருபது வயதிலும் அவர் இப்படித்தான் பாடினார். அசைவு, குழைவு, கண்ணீர் எதுவும் இல்லாமல் வார்த்தையை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு போவது அந்த மரபின் பாணி, அதில் அவர் பிடிவாதமானவர். பாட்டுக்குப் பின்னால் பாடுபவர் நிற்க வேண்டும், முன்னால் அல்ல. கொலை நடக்கும் சரணத்தில் குரலை உயர்த்துவதோ தழுதழுப்பதோ இல்லாததால், கேட்பவர் தானாகத்தான் அதிர வேண்டியிருக்கிறது. இந்தப் பாணி வயதான குரலுக்குத் தோதாக அமைந்ததும் உண்மை. நீண்ட கார்வையும் உச்சஸ்தாயியும் நம்பிப் பாடிய ஒருவர் எண்பதில் திரும்பியிருந்தால் கஷ்டம்.

ஒரே பாட்டின் பழைய, புதிய வடிவங்களை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது?

'டெத் அண்ட் தி லேடி' இதற்கு ஏற்றது. 1970 ஆல்பம் ஒன்றில் டாலியின் இசையமைப்போடு இதைப் பாடியிருக்கிறார், 2014 மேடையிலும் இதுதான், லோட்ஸ்டாரிலும் இருக்கிறது. முதல் கேட்பில் வார்த்தையை விட்டுவிட்டு அடியில் ஓடும் வாத்தியத்தை மட்டும் கவனியுங்கள். பழையதில் ஐரோப்பியப் பழைய இசையின் சாயல், புதியதில் மிசிசிப்பி ப்ளூஸின் சாயல், 1959இல் கேட்டது அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் கேட்பில் மூச்சு எடுக்கும் இடங்களைக் குறியுங்கள். மூன்றாவதில், சாவு பேசும் வரியிலும் சீமாட்டி பேசும் வரியிலும் குரல் மாறுகிறதா என்று பாருங்கள். முப்பத்தைந்து வயதில் அவர் சீமாட்டியின் பக்கம் நின்று பாடியதாகவும், எண்பதில் சாவின் பக்கம் போய்விட்டதாகவும் எங்களில் சிலருக்குப் படுகிறது. வாக்குவாதத்துக்கு இடமுண்டு.

முதல் தடத்தில் கரகரவென்று இழுக்கும் அந்த வாத்தியம் எது?

ஹர்டி-கர்டி. வாசிப்பவர் ஓசியன் பிரௌன். பார்ப்பதற்குத் தடித்த வயலின் பெட்டிபோல இருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு மரச்சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். வில்லுக்குப் பதில் சக்கரம். சில தந்திகள் எப்போதும் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும், மற்றவற்றைக் கட்டைகள் அழுத்தி மெட்டு வாசிப்பார்கள்.

அடிக்கடி தகராறு செய்யும் வாத்தியம். சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் மெல்லிய பஞ்சு சுற்ற வேண்டும். குறைந்தால் தகரத்தைக் கீறுவதுபோல் கத்தும், கூடினால் ஒலி அமுங்கிவிடும். சக்கரத்துக்குக் குங்கிலியம் பூச வேண்டும், அதிகமானால் கிரீச்சிடும். ஈரப்பதம் மாறினால் சக்கரம் வட்டத்திலிருந்து நூலிழை விலகும், சுற்றுக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். பதிவுக்கு முன் ஒரு மணி நேரமாவது அந்த அறையிலேயே வாத்தியத்தை வெளியில் எடுத்து வைப்பது அதனால்தான்.

ஒரு பாட்டின் மற்ற வடிவங்களை எப்படித் தேடுவது?

பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பாட்டுக்கு இருபது பெயர், ஒரே பெயரில் நாலு பாட்டு. எண்ணை வைத்துத் தேடுங்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் சைல்டு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த 305 கதைப்பாடல்களுக்குச் சைல்டு எண் உண்டு. அதில் இடம்பெறாதவற்றையும் சேர்த்து நூலகர் ஸ்டீவ் ரவுட் உருவாக்கிய வரிசைக்கு ரவுட் எண் என்று பெயர். 'க்ரூயல் லிங்கன்' சைல்டு 93, ரவுட் 6. 'பேங்க்ஸ் ஆஃப் கிரீன் வில்லோ' சைல்டு 24, ரவுட் 172. 'டெத் அண்ட் தி லேடி' ரவுட் 1031.

லண்டன் கேம்டனில் செசில் ஷார்ப் ஹவுஸில் உள்ள வாஹன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால், யார் பாடினார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எழுதி எடுத்தார் என்று பட்டியல் வரும். பலவற்றுக்குச் சேகரிப்பாளரின் கையெழுத்துப் பக்கமே படமாக இருக்கும். இலவசம்.

மரபுப் பாட்டுதானே, நாமே பாடி வெளியிடலாமா?

வார்த்தையும் மெட்டும் மரபுச் சொத்து என்றால் தடையில்லை. ஆனால் லோட்ஸ்டாரில் உள்ள இசையமைப்பு அதைச் செய்தவர்களுடையது, ஒலிப்பதிவோ வெளியிட்ட நிறுவனத்துடையது. இடையிசையை அப்படியே எடுத்தால் சிக்கல். பாதுகாப்பான வழி, நூலகத்தில் உள்ள பழைய வடிவத்திலிருந்து பாட்டைக் கற்று, துணை வாத்தியத்தை நீங்களே அமைப்பது. 'மரபு' என்று போட்டுவிட்டு, யாரிடமிருந்து சேகரிக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இந்த வட்டாரத்தில் அது மரியாதை.

பல வருடம் பாடாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்க என்ன செய்யலாம்?

முதலில் மேலே சொன்ன மருத்துவப் பரிசோதனை. எல்லாம் சரி என்றால், மெல்லிய உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, அதன் நுனி ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று செ.மீ. முங்கும்படி வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று சுருதி பிடியுங்கள். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம். குழலின் எதிரழுத்தம் குரல்நாண்களை மோதவிடாமல் தாங்கிப்பிடிக்கும். குமிழி சீராக வராமல் விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டுக்கு வாருங்கள். பழைய சுருதியைத் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். முன்பு பாடிய கட்டையில் தொடங்கி, எட்டாத இடத்தில் தொண்டையை நெரித்து, 'போச்சு' என்று விட்டுவிடுவார்கள். இயல்பாகப் பேசும் குரலிலிருந்து சுருதியைத் தேர்ந்தெடுங்கள். நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும்.

மிளகுப்பால், பனங்கற்கண்டு, இஞ்சிச்சாறு எல்லாம் இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது, அது உணவுக்குழாய்க்குள் போய்விடும். நாணை நேரடியாக எட்டுவது மூச்சில் இழுக்கும் ஆவிதான். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது உள்ளிருந்து ஈரம் தரும். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பதும் தவறு, பலருக்கு அது தசையை இன்னும் இறுக்கும். ஓய்வென்றால் வாயை மூடிக்கொள்வது.

லோட்ஸ்டாருக்குப் பிறகு பாடினாரா?

2020இல் 'ஹார்ட்ஸ் ஈஸ்', 2023இல் 'ஆர்க்ஏஞ்சல் ஹில்', இரண்டும் டாமினோவில். 'ஹார்ட்ஸ் ஈஸ்' ஸ்டுடியோவில் பதிந்தது, பயம் தெளிந்திருந்தது குரலிலேயே தெரிகிறது. அதன் கடைசித் தடத்தில் மின்னணு ஒலியும் கடற்கரைச் சத்தமும் சேர்ந்து வரும், நாட்டுப்புறப் பாட்டென்றால் இப்படித்தான் என்று வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இடையில், 2017இல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் 2018இல் தன்வரலாறும் வந்தன.

எந்த வரிசையில் கேட்கலாம்?

லோட்ஸ்டாரில் தொடங்காதீர்கள். முதலில் 'ஆந்தம்ஸ் இன் ஈடன்', பிறகு 'நோ ரோசஸ்', அதற்குப் பிறகு லோட்ஸ்டார். அவசரமென்றால் ஒரே ஆல்பத்தில் இரண்டு காலத்தையும் கேட்க வழியிருக்கிறது. 'ஆர்க்ஏஞ்சல் ஹில்', லூயிஸ் பக்கத்துக் கேபர்ன் குன்றுக்கு அவருடைய மாற்றாந்தந்தை வைத்த பெயர். அந்த ஆல்பத்தில் 87 வயதுக் குரலுக்கு நடுவில் 'ஹேண்ட் அண்ட் ஹார்ட்' என்ற ஒரு தடம் மட்டும் வேறு குரலில் வரும். அது 1980 சிட்னி பதிவு. ஹெட்ஃபோனில் கேளுங்கள், அடுத்த தடம் தொடங்கும்வரை கழற்றாமல்.